கிட் பூஜ்ஜியம் காட்டும், பாறை பச்சையாக இருக்கும்

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாசி தலைகாட்டியதும் எல்லோரும் கையில் எடுப்பது, பாசிக்குச் சத்தான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் தண்ணீரில் அளக்கும் கிட். பாறை முழுக்கப் பச்சை முடி ஆடிக்கொண்டிருக்கும். கிட்டில் இரண்டும் பூஜ்ஜியம். "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, அப்புறம் எப்படிப் பாசி?" என்று குழம்பிப்போய், கடையில் கொடுக்கும் ஏதோ ஒரு புட்டியை வாங்கி ஊற்றுவார்கள். கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான். பாசி ஏற்கெனவே தின்று உடம்பில் ஏற்றிக்கொண்டது அதில் வராது. நிறையப் பாசி, கிட்டில் பூஜ்ஜியம் என்றால், உள்ளே வரும் சத்தை அது வந்த வேகத்தில் பாசி இழுத்துக்கொள்கிறது என்று பொருள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எங்கிருந்து வருகிறது என்பது. அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: வந்திருப்பது எந்தப் பாசி? ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும்.

கணக்குக்காக இங்கே ஒரே தொட்டியை வைத்துப் பேசுவோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக் கொள்ளளவு சுமார் 255 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தோ உப்போ போடும்போது இந்த 200-ஐத்தான் எடுக்க வேண்டும். 255-ஐ எடுத்தால் கால் பங்கு அதிகமாகப் போய்விடும்.

பாண்டிச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டாப்-அப் தண்ணீர், அதாவது ஆவியாகிப் போனதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீர். கடற்கரை ஊர், போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடவே வரும்; சுற்றிலும் வயல் இருந்தால் நைட்ரேட்டும் வரும். கத்திரி வெயில் நாளில் மேலே ஃபேன் ஓடும் நாலடித் தொட்டியில் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாவது தண்ணீர் மட்டும். அதில் இருந்த நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரைத் தினமும் மூன்று லிட்டர் ஊற்றினால் 60 மில்லிகிராம் சேர்கிறது. 200 லிட்டரில் அது 0.3 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். மாதக் கடைசியில் 9 பி.பி.எம். ஒரு மீனுக்குக்கூடச் சாப்பாடு போடாமல் வந்தது இது.

வீட்டில்தான் ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவது அதன் வேலை. அதற்குப் பிறகு மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 50, 80 என்று காட்டுவது இதனால்தான். கேன் தண்ணீரும் இதே கதைதான். கன்ட்ரோலரை முழுக்க மூடி, மெம்பரேன் முடிந்த இடத்திலேயே ஒரு டீ போட்டுத் தனி டியூப் இழுத்து, அதை, மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய குழாய் வழியாக விட்டால் மீட்டர் 0 காட்டும். ரெசின் தீரும்போது முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கேட். சிலிக்கேட்டை டி.டி.எஸ். மீட்டர் கண்டுகொள்ளாது. மீட்டர் 1 காட்டும்வரை காத்திருந்தால் அதற்குள் கொஞ்சம் சிலிக்கேட் தொட்டிக்குள் போயிருக்கும். நிறம் மாறும் ரெசின் வாங்கி, முக்கால் பங்கு நிறம் மாறியதுமே மாற்றிவிடுவது நல்லது.

கடல் பக்கத்திலேயே இருக்க உப்பு வாங்கிக் கரைப்பானேன் என்று தோன்றுவது இயல்பு. பீச்சில் குடத்தை முக்கி எடுக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாண்டியில் நகரத்து வாய்க்கால்கள் வந்து சேரும் கரை அது. கடலூரில் தென்பெண்ணையும் கெடிலமும் உப்பனாறும் கலக்கும் முகத்துவாரங்கள். போதாததற்கு உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கும், வயல் உரம் ஏறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மழை முழுக்க ஓய்ந்த பிறகு, படகில் கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய் எடுத்து, மூடிய டிரம்மில் இருட்டில் ஒரு வாரம் வைத்து, உப்பும் பாஸ்பேட்டும் அளந்த பிறகே ஊற்ற வேண்டும். கலந்து வைக்கும் உப்புத் தண்ணீர் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 சுற்றி நிற்க வேண்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்தால் போதாது, 35 பி.பி.டி. கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

சத்து உள்ளே வரும் இரண்டாவது வழி, சாப்பாடு. மார்க்கெட்டில் வாங்கிய இறாலையும் கணவாயையும் மிக்சியில் அரைத்து அப்படியே ஊற்றுவது நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் வழக்கம். தீனி நல்ல தீனிதான். கெடுதல் அந்தச் சாற்றில் இருக்கிறது. எந்த மீனும் சாப்பிட முடியாத பாஸ்பேட் அது. அரைக்காமல் பொடியாக நறுக்கி, டீ வடிகட்டியில் போட்டு ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம். போட்டதை மீன்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் மிஞ்சினால் அளவு அதிகம்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: பாறை. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். தண்ணீரில் பாஸ்பேட் குறைந்ததும் திருப்பிக் கொடுக்கும். பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஃபெரிக் ஆக்ஸைடு துகள் போட்டு 0.30 பி.பி.எம்.மிலிருந்து 0.05-க்கு இறக்கிய மறுவாரமே 0.15 காட்டுவது இதனால்தான். கிட் கெடவில்லை, மருந்தும் போலியில்லை. பாறையில் இருப்பு தீரவில்லை, அவ்வளவுதான். புட்டியில் சொன்ன அளவில் பாதியை மட்டும் ரியாக்டரில், அதாவது தண்ணீர் துகள் வழியே ஓடும் குழாயில், போட்டு, பாஸ்பேட் மறுபடி ஏறும்போதெல்லாம் மாற்றி, வாரக்கணக்கில் பொறுமையாக இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கினால் பவளம் வெளிறும், அல்லது அடியிலிருந்து தோல் உரியும். பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை, நைட்ரேட் 2 முதல் 10 வரை இருந்தால் போதும். பூஜ்ஜியம் இலக்கே அல்ல, ஏன் என்பது பின்னால் வரும். ஹன்னாவின் பாஸ்பரஸ் செக்கர் வைத்திருப்பவர்கள் அது காட்டும் பி.பி.பி. எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 10 என்றால் பாஸ்பேட் 0.03. பெருக்காமல் அப்படியே படித்துவிட்டு "ரொம்பக் கம்மி" என்று நினைத்திருப்பவர்கள் உண்டு.

இனி பாசிக்கு வருவோம்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தால் அது சிலிக்கேட்டை வைத்து வளரும் டயட்டம். டாப்-அப் தண்ணீர் சரியாக இருந்தால் தானே போய்விடும். இதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

பச்சை முடிப் பாசிதான் பெரும்பாலோருக்குத் தலைவலி. இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு கொத்தைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பரப்புங்கள். கிளையில்லாத மெல்லிய இழைகளாக இருந்தால் டெர்பேசியா வகை. நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் சிறு கிளைகள், பறவை இறகின் அமைப்பு தெரிந்தால் பிரையாப்சிஸ். பிரையாப்சிஸைப் பாஸ்பேட்டைக் குறைத்தும் பட்டினி போட்டும் ஒழிப்பது பெரும்பாலும் நடக்காது. அதற்கு வழி வேறு.

டெர்பேசியாவுக்கு முதல் வேலை கையால் எடுப்பது. எவ்வளவு மருந்து இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. பாசியாக வெளியே போகும் ஒவ்வொரு பிடியும் தொட்டியை விட்டுப் போகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். 12 மில்லிமீட்டர் டியூபின் நுனியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை ரப்பர் பேண்டால் கட்டி, தேய்க்கத் தேய்க்க உறிஞ்சி எடுக்கலாம். தேய்த்ததைத் தொட்டியிலேயே மிதக்க விட்டால் இழைகள் போய் ஒட்டிய இடமெல்லாம் புது முளை. கழற்ற முடிந்த பாறையை, தண்ணீர் மாற்ற எடுத்த பழைய உப்புத் தண்ணீர் வாளியில் வைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஜோவாந்திட், பாலித்தோவா என்னும் பொத்தான் போன்ற மென்மையான உயிர்கள் இருக்கும் பாறையானால் பேலிடாக்ஸின் நஞ்சு கண்ணிலோ கைக் காயத்திலோ பட்டால் ஆஸ்பத்திரி போகும்படி ஆகிவிடும். அந்தப் பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்க வைக்கக் கூடாது, ஆவியிலேயே நஞ்சு வரும்.

தேய்த்த பிறகும் வேர்ப்பிடி மிச்சம் இருக்கும். அங்கேதான் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துச் செய்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசல், நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். பாறையை வெளியே எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசிமேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நுரைத்துப் பொங்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வாளியிலுள்ள உப்புத் தண்ணீரில் அலசித் திருப்பி வைக்கலாம். அடுத்த சில நாளில் பாசி வெளுக்கும், நத்தைகள் அதைத் தேடிப் போய் மேயும். பவளத்தின் சதைமேல் படக்கூடாது. கழற்ற முடியாத பாறைக்காகத் தொட்டியிலேயே ஊற்றுவதானால் 3 சதவீதக் கரைசல் 40 லிட்டருக்கு 1 மில்லி, நாளுக்கு ஒரு முறை. நம் 200 லிட்டருக்கு அது 5 மில்லி. 6 சதவீதமாகவே ஊற்றினால் 2.5 மில்லி. லைஸ்மாட்டா இறால்கள், அதாவது கிளீனர் ஷ்ரிம்ப், பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப் வகை, இதைத் தாங்காமல் சாகக்கூடும். சம்பில், அதாவது கீழே இருக்கும் துணைத் தொட்டியில், வேண்டுமென்றே வளர்க்கும் கீட்டோமார்ஃபாவும் பாதிக்கப்படும், அதுவும் பாசிதானே.

பிரையாப்சிஸுக்கு ஃப்ளூகோனஸோல். மனிதர்களுக்குப் பூஞ்சைக்குக் கொடுக்கும் அதே மருந்து, மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. லிட்டருக்கு 5 மில்லிகிராம், 200 லிட்டருக்கு 1000 மில்லிகிராம். 150 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஏழு. வேறு மருந்து எதுவும் கலக்காத, ஃப்ளூகோனஸோல் மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்பன், ஃபெரிக் ஆக்ஸைடு இரண்டையும் எடுத்துவிட்டு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் யு.வி. விளக்கை அணைத்து, கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரின் கப்பைக் கழற்றிக் காற்று மட்டும் விடும்படி ஓட்டுங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து தூளைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்ற வேண்டும். முதல் மூன்று நாலு நாள் ஒன்றும் தெரியாது. இங்கேதான் பலரும் பொறுமையிழந்து இரண்டாவது டோஸ் போடுவார்கள், வேண்டாம். அதற்குப் பிறகு சாம்பல் நிறமாகி உருகத் தொடங்கும். இரண்டிலிருந்து மூன்று வாரம் தண்ணீர் மாற்றாமல் வைத்து, பிறகு 20, 30 சதவீதம் மாற்றி, கார்பனைப் போடலாம். உருகும் பாசி தன் சத்தையெல்லாம் தண்ணீரில் விடும், அதனால் அந்த நாட்களில் தீனியைப் பாதியாக்கி, உருகியதைத் தினமும் உறிஞ்சி எடுக்காவிட்டால் பிரையாப்சிஸ் போன இடத்தில் சயனோ என்னும் சிவப்புப் படலம் உட்காரும்.

பச்சைக் குமிழிப் பாசி, வலோனியா, ஒவ்வொரு குமிழியும் ஒரே செல். வாய் சிறுத்த டியூபைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அடியோடு நெம்பி உறிஞ்சிவிட வேண்டும். எமரால்டு நண்டு சின்னக் குமிழிகளைத் தின்னும்; பெரிதாகிப்போனதை அது சீந்தாது.

சயனோ என்பது பாசியே இல்லை, பாக்டீரியா. கருஞ்சிவப்புத் தகடு, விரல் பட்டால் ஏடாக உரிந்து வரும். ஓட்டம் குறைந்த மூலைகளில், நைட்ரேட் தீர்ந்து பாஸ்பேட் மட்டும் மிஞ்சிய தொட்டிகளில் அதிகம் வரும். 200 லிட்டருக்கு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர்கள் சேர்ந்து மணிக்கு 4000 முதல் 8000 லிட்டர் தள்ள வேண்டும். வேவ்மேக்கரின் உள்ளே சுண்ணாம்பு படிந்து வேகம் பாதியாகியிருக்கும், அதைக் கழற்றி வினிகரில் ஊறப் போட்டாலே சில தொட்டிகளில் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். எரித்ரோமைசின் மாத்திரை போடும் பழக்கம் வேண்டாம். சயனோவோடு தொட்டியின் நல்ல பாக்டீரியாவையும் அது அடிக்கும், அம்மோனியா ஏறும்.

கடைசியாக டினோஃபிளாஜெல்லேட். பூஜ்ஜியம் இலக்கல்ல என்று சொன்னது இதற்காகத்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு தீர்ந்து, போட்டிக்கு வேறு பாசி இல்லாத தொட்டியைத்தான் இது பிடிக்கும். பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழிகள். காலையில் விளக்கு போடும்போது மணல் வெள்ளையாக இருக்கும், சாயங்காலம் பழுப்பாகிவிடும். சந்தேகமிருந்தால் சளியைத் தொட்டித் தண்ணீரோடு சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் திரண்டால் டினோதான். 400 மடங்கு பெருக்கும் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் இருந்தால் வகையும் தெரிந்துவிடும். துளி வடிவில், ஒரு முனையை ஊன்றி, முளையில் கட்டிய மாடு மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது ஆஸ்ட்ரியாப்சிஸ். மணலை விட்டு நகராமல் வழுக்கிக்கொண்டு போகும் தட்டை முட்டை வடிவம் ஆம்ஃபிடினியம். ஆஸ்ட்ரியாப்சிஸின் நஞ்சில் நத்தைகள் வரிசையாகச் சாகும். "புது நத்தை வாங்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று இறக்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

டினோ வந்த தொட்டியில் தண்ணீர் மாற்றக் கூடாது. முடிப் பாசிக்குச் செய்ததற்கு நேர் எதிர்: ஃபெரிக் ஆக்ஸைடை எடுத்துவிட்டு, நைட்ரேட்டை 5-க்கு மேலும் பாஸ்பேட்டை 0.05-க்கு மேலும் வலிய ஏற்ற வேண்டும். உரக்கடைச் சரக்கில்லாமல், ஆய்வகத் தர சோடியம் நைட்ரேட் 13.7 கிராமை 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் அதில் 10 மில்லி நம் தொட்டியில் 5 பி.பி.எம். ஏற்றும். ட்ரைசோடியம் பாஸ்பேட்டில் 12 நீர் மூலக்கூறு உள்ள வகை 4 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால், 10 மில்லிக்கு 0.05 ஏறும். மறுநாளே மீண்டும் பூஜ்ஜியம் காட்டலாம், பாறை இழுத்துக்கொண்டிருக்கும். தினமும் அளந்து, அளவு நிற்கும்வரை தினமும் போட வேண்டியதுதான். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்க வரும் என்பதால், 18 வாட் யு.வி.யைச் சம்பில் வைக்காமல் மேல் தொட்டியிலிருந்தே இழுத்து மேல் தொட்டிக்கே விடும்படி, மணிக்கு 200 முதல் 600 லிட்டர் ஓட்டத்தில் வைத்தால் சில நாளிலேயே குறையும். ஆம்ஃபிடினியம் மேலே வராது, யு.வி. அதற்கு வீண். அதற்குச் சோடியம் சிலிக்கேட் போட்டு டயட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து, மணலில் இடம் பிடிக்க விடுவார்கள். ஆரம்பத்தில் போனால் போதும் என்றிருந்த டயட்டம் இங்கே ஆபத்பாந்தவன்.

மேய்ச்சலுக்கு விடும் நத்தை விஷயத்தில் இரண்டு வார்த்தை. துறைமுகக் கற்களில் ஒட்டியிருக்கும் நத்தைகள் அலை ஏறி இறங்கும் இடத்து உயிர்கள், இரவில் கண்ணாடியைத் தாண்டி ஏறித் தரையில் காய்ந்து கிடக்கும். ட்ரோக்கஸ் நைலோட்டிகஸ், டர்போ மார்மோரேட்டஸ் என்னும் பெரிய கடல் நத்தைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை; கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் அட்டவணை 1-இல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாப் பாறை என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நைட்ரேட் மட்டும் இறங்காமல் அடம்பிடித்தால் வோட்கா போடலாம்; அதைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் பாண்டிக்காரர்களுக்குச் செலவு குறைவு. வாசனை சேர்க்காத சாதா வோட்கா, 200 லிட்டருக்கு முதல் மூன்று நாள் 0.2 மில்லி, அடுத்த நாலு நாள் 0.4 மில்லி, அதன்பின் வாரத்துக்கு ஒரு முறை, தினசரி அளவில் 0.5 மில்லி கூட்டலாம். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இது வேண்டாம். பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்; தண்ணீர் பால் நிறமானால் அன்றே நிறுத்துங்கள்.

நம் ஊரில் பாசிக்கு இன்னொரு பருவம் உண்டு, புயலுக்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயலும் 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயலும் கரை கடந்தபோது மின்சாரம் போன மாதிரி போனால், முதலில் சாவது கண்ணுக்குத் தெரியாத கடற்பஞ்சும் புழுவும்தான். அவை அழுகிய சத்துதான் பிறகு பாசியாக முளைக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு 20 வாட் டி.சி. வேவ்மேக்கரை மட்டும் விட்டால், 150 ஆம்பியர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு நாள் தாங்கும். கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி, நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை உப்புத் தண்ணீரில் அலசிய பிறகே இணைக்க வேண்டும். விளக்கை ஒரு வாரம் நாலு மணி நேரமாகக் குறைத்து, தீனியைப் பாதியாக்கி, கார்பன் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை பத்து சதவீதம் மாற்றலாம். அதற்கான தண்ணீர் கையில் இருக்க வேண்டும்: மின்சாரம் இல்லாவிட்டால் ஆர்.ஓ. ஓடாது. ஐப்பசி பிறந்ததுமே 60 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை மூடிய டிரம்மில் பிடித்து வைத்து, ஒரு 20 லிட்டர் மாற்றத்துக்குத் தேவையான 720 கிராம் அளவில் உப்பைத் தனித்தனிப் பொட்டலமாக எடைபோட்டு, ஈரம் படாமல் கட்டி வைத்துவிடுங்கள்.